குறை எண்ணலும் நிறை காணலும்



ஒரு படைப்பில் குறை இல்லை என்பதாலேயே அது நிறைவுடையதாகி விடுமா? கவிதையைப் படித்தும் கேட்டும் விவாதித்தும் வருகின்ற அவைகளில் எழாதிருக்க முடியாத கேள்வி இது. இதே கேள்வியை நாவினால் ஆராய நேர்ந்த நாடு ஒன்று உண்டு. உலகக் காப்பி விளைச்சலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தருகின்ற பிரேசில் அது.

காப்பிச் செடி பிரேசிலுக்கு வந்த ஆண்டு 1727. அடுத்த நூற்றாண்டில் உலகிலேயே மிகுதியாகக் காப்பி விளைவிக்கும் நாடாக அது உயர்ந்தது. விளைச்சல் பெருகிய அளவுக்குச் சுவையைப் பற்றிய பேச்சு பெருகவில்லை. தரம் பார்ப்பது என்றால் குறைகளை எண்ணுவது என்றே பொருள் கொள்ளப்பட்டது. 300 கிராம் பச்சைக் கொட்டையைப் பரப்பி வைத்து எண்ணுவர். கருங்கொட்டை ஒன்றுக்கு ஒரு குறை. உடைந்த கொட்டை ஐந்துக்கு ஒரு குறை. பெரிய கல் ஒன்று கிடந்தால் ஐந்து குறை. மொத்தம் 4 குறை உடையது இரண்டாம் வகை. 360 குறை உடையது எட்டாம் வகை. முதல் வகை என ஒன்று அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. இன்றும் வணிகத்தில் வழங்கும் கணக்கு இதுவே.

கண்ணின் வேலை முடிந்தபின் நாவின் வேலை தொடங்கும். மிக மென்மையானது, மென்மையானது, ஓரளவு மென்மையானது, கடுமையானது எனச் சுவைக்குப் படிகள் வகுத்தனர். அதற்கும் கீழே 'ரியோ' என்றொரு படி உண்டு. மருந்துக் கடையை நினைவூட்டும் அயோடின் வாடை அதன் அடையாளம். டிரைகுளோரோஅனிசோல் என்னும் சேர்மம் மிக நுண்ணிய அளவில் கலந்திருப்பதே அதற்குக் காரணம் என்பதை 1990-இல் ஆய்வாளர்கள் கண்டனர். ஆயினும் கிரேக்கம், துருக்கி, லெபனான் முதலிய நாடுகளில் அந்தச் சுவையையே விரும்பி வாங்குவோர் உள்ளனர். ஓரவையில் தள்ளப்படுவது மற்றோரவையில் கொள்ளப்படுகிறது. பட்டியலில் கடைசியில் நிற்பதற்கும் ஒரு நாவு காத்திருக்கிறது.

1962-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கை ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு வகுத்தது. அளவுக்கே மதிப்பு, சிறப்புக்குத் தனிவிலை அரிது. நல்ல தோட்டத்து மூட்டையும் எளிய தோட்டத்து மூட்டையும் ஒன்றாய்க் கலந்து கப்பலேறின. விளைவித்தவனுடைய பெயர் அந்தக் கலவையில் மறைந்தது. தன் காப்பி எப்படிச் சுவைக்கிறது என்பதை அறியாமலே வாழ்ந்து முடித்த உழவர் எத்தனையோ பேர். 1989-இல் அந்தப் பங்கீடு குலைந்தது. 1991-இல் சிறப்புக் காப்பி விளைவிப்போர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1999-இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்து லாவ்ராஸ் நகரில் பல நாட்டுச் சுவைஞர்கள் கூடி, பிரேசிலின் மிகச் சிறந்த காப்பிகளைத் தேர்ந்தனர். தேர்ந்தவை இணையத்தின் வழி ஏலம் விடப்பட்டன.

இத்தகைய தேர்வில் தோட்டத்தின் பெயர் மறைக்கப்படுகிறது. எண் மட்டுமே கிண்ணத்தின் அருகில் இருக்கும். 150 மில்லி நீருக்கு எட்டேகால் கிராம் தூள் என்பது வழக்கமான அளவு. கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரை ஊற்றி நான்கு நிமிடம் பொறுத்து, மேலே படிந்த ஏட்டைக் கரண்டியால் விலக்கி மணத்தை முகர்வர். பின்னர் ஓசை எழ உறிஞ்சுவர். ஓசையோடு உறிஞ்சினால்தான் மணம் மூக்கின் உட்புறம் வரை பரவும். சூட்டில் இனிமையாய்த் தோன்றிய காப்பி ஆறியபின் வெளிறிப் போவதுண்டு. அடக்கமாய் நின்றது ஆறஆற மலர்வதும் உண்டு. ஆகவே ஒரே வாயில் தீர்ப்பு எழுதப்படுவதில்லை. நூற்றுக்கு 80 பெற்றால் சிறப்புக் காப்பி என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு.

2005-ஆம் ஆண்டுப் போட்டியில் கார்மோ தே மினாஸ் பகுதியின் சாந்தா இனேஸ் தோட்டத்துக் காப்பி 95.85 மதிப்பெண் பெற்று, பவுண்டுக்கு 49.75 டாலர் விலைக்குப் போயிற்று. பொதுச் சந்தையில் அந்நாளில் பவுண்டு விலை ஒரு டாலரை ஒட்டியே இருந்தது. ஏலத்தில் விற்றது சில மூட்டைகளே. நாட்டின் பெருவிளைச்சல் இன்றும் பழைய கணக்கிலேயே விற்கிறது. ஆனால் களத்தில் கவனம் கூடியது. காயும் பழமும் கலந்தால் துவர்ப்பேறும் என்பதால் பழுத்ததைப் பிரித்தெடுத்தனர். குவித்தால் புளித்துப் போகும் என்பதால் மெல்லப் பரப்பிக் கிளறி உலர்த்தினர். நிறையை அறியும் நாவு ஒன்று உண்டென்று தெரிந்தபின் உழைப்பு ஒரு பொருளைப் பெற்றது.

இதனால் குறை காண்பது வேண்டாத வேலை ஆகிவிடாது. ஒரே காப்பியை ஐந்து கிண்ணங்களில் ஊற்றி வைக்கையில் ஒன்று மாறுபட்டாலும் மதிப்பெண் குறையும். குறை களைந்த இடத்தில்தான் நிறை தெரியும். எனினும் குறை எண்ணக் கண்ணும் கணக்கும் போதும். நிறை காணப் பழகிய நாவும், அதனை எடுத்துரைக்கும் சொல்லும், பெயரறியாத போதும் மதிக்கின்ற மனமும் வேண்டும்.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம், மாதத்தில் ஒரு கூட்டத்திலேனும் கவிஞரின் பெயரை மறைத்துக் கவிதைகளை அவை முன் வைத்துப் பார்க்கலாம். முதலில் அதன் நிறையைச் சொல்லிவிட்டுக் குறைக்கு வரலாம். தன் கவிதையின் சுவையைத் தானே அறியாத இளங்கவிஞர் ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும்.