பட்டுமியில் ஓர் இறுதி ஆட்டம்

தொழில் நிமித்தம் வேற்று மாநிலங்களில் குடியேறிய நமக்கு ஒரு வழக்கமுண்டு. எந்தப் பந்தயச் செய்தி வந்தாலும், அதில் நம்மவர் எவரேனும் உளரோ என்று முதலில் தேடுவோம். 2025-ஆம் ஆண்டு ஜூலையில், கருங்கடற்கரையிலுள்ள ஜார்ஜியா நாட்டுப் பட்டுமி நகரில் நடந்த பெண்கள் உலகக் கோப்பைச் சதுரங்கப் பந்தயத்திலும் அவ்வாறே தேடினோம். சென்னைப் பெண் வைஷாலி கால் இறுதியில் சீனத்து டான் சோங்யியிடம் தோற்றார். அத்துடன் நம் ஆவல் அடங்கியிருக்க வேண்டும். ஆனால், அந்தச் சீன வீராங்கனையை அரை இறுதியில் வென்றவர் நாகபுரியின் திவ்யா தேஷ்முக். இறுதியில் அவர் எதிரே அமர்ந்தவர் ஆந்திரத்தின் கொனேரு ஹம்பி. நாகபுரியில் வாழும் தமிழருக்கும் விஜயவாடாவில் வாழும் தமிழருக்கும் அவரவர் ஊர்ப் பெண்ணே நம்மவர் அல்லவா?

அப்போது ஹம்பிக்கு வயது 38, திவ்யாவுக்கு 19. ஹம்பி 2002-இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றபோது திவ்யா பிறந்திருக்கவே இல்லை. வயதில் இளையவர் அஞ்சி ஒடுங்குவார் என்று நினைத்தவர்கள் முதல் ஆட்டத்திலேயே ஏமாந்தனர். அதில் வெற்றி திவ்யாவின் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நழுவிற்று. நெடுநேர ஆட்டங்கள் இரண்டும் சமனாயின.

ஆகவே, ஜூலை 28-ஆம் தேதி விரைவு ஆட்டங்கள். ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிஷம். காய் நகர்த்துந்தோறும் பத்து விநாடி கூடுதல், அவ்வளவே. விரைவுச் சதுரங்கத்தில் 2019-லும் 2024-லும் உலகப் பட்டம் வென்றவர் ஹம்பி. எனவே வாய்ப்பு அவர் பக்கமே என்று நாமும் எண்ணினோம். முதல் விரைவு ஆட்டமும் சமன்.

இரண்டாவதில் ஹம்பிக்கு வெள்ளைக் காய்கள். பலகையில் காய்கள் குறையக் குறையக் கடிகாரமும் அவரை நெருக்கியது. சதுரங்கத்தில் இக்கட்டமே கொடியது. வழி தெரிந்தாலும் அதைச் சரிபார்க்க நேரமிராது. தவறுகள் இரு பக்கத்திலும் நேர்ந்தன. திவ்யாவும் வெற்றி வழிகளைத் தவறவிட்டார். கடைசித் தவறு ஹம்பியுடையதாயிற்று. அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். இரண்டரைக்கு ஒன்றரை என்று திவ்யா வென்றார்.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வழக்கமாக மூன்று தகுதிநிலைகளும் 2500 தரப் புள்ளியும் வேண்டும். பந்தயத்துக்கு வரும்போது திவ்யாவிடம் ஒரு தகுதிநிலைகூட இல்லை. ஆயினும், கோப்பையை வென்றவருக்கு விதிப்படி பட்டம் நேரே கிட்டியது. ஹம்பி, ஹரிகா, வைஷாலி என்ற வரிசையில் நான்காவது இந்தியப் பெண்ணானார். ஆட்டம் முடிந்ததும் அவர் தம் தாயைக் கட்டிக்கொண்டு அழுதார்.