சம்பளக் குமாஸ்தா வேலைக்குப் பெண்ணை அனுப்பலாமா?

(கோவை வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வைண்டிங் பிரிவுத் தோழர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்க தோழர், பொண்ணு பி.காம். முடிச்சிருக்குது. மில் ஆபீசுல சம்பளம் போடற வேலைக்குக் கூப்பிடறாங்க. போலாங்களா? அங்க போனா நாளைக்கு நம்ம சம்பளத்தையே அவதான வெட்டோணும்?"

இங்கே கூடியிருக்கும் பலர் வீட்டிலும் இந்தக் கேள்வி உண்டு. அதனால் பொதுவிலேயே பேசிவிடுவோம்.

குமாஸ்தா என்றால் நமக்கு வயிற்றெரிச்சல். பண்ணையில் மரக்கால் பிடித்து நெல் அளந்த கணக்குப்பிள்ளையை நம் பாட்டன்மார் எப்படித் திட்டினார்களோ, அப்படியே டைம் ஆபீஸ்காரரை நாம் திட்டுகிறோம். மரக்கால் பிடித்தவனும் கூலிக்காரன்தான். மரக்கால் மட்டும் மிராசுதாருடையது. இந்த வித்தியாசத்தை நாம் பல நேரம் மறந்துவிடுகிறோம்.

அந்தக் குமாஸ்தா மாதம் முழுதும் என்ன செய்கிறார்? வருகைப் பதிவேடு, ஷிப்டு, விடுப்பு, ஓவர்டைம், அட்வான்ஸ், கேண்டீன் பாக்கி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து உங்கள் பெயருக்கு எதிரே ஒரு தொகை எழுதுகிறார். முஸ்டர் ரோலில் ஒரு பெயர் விட்டுப்போனால் அடுப்பு எரியாது என்பதை நூறு நாள் வேலை பார்த்த தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். நாள் சம்பளம் 480 ரூபாய், 26 நாள் வேலை. மொத்தம் 12,480 ரூபாய். இதில் பி.எப். நூற்றுக்கு 12 வீதம் 1,498 ரூபாய். இ.எஸ்.ஐ. நூற்றுக்கு முக்கால் ரூபாய் வீதம் 94 ரூபாய். கைக்கு வருவது 10,888. நிர்வாகமும் தன் பங்காக பி.எப்.புக்கு இன்னொரு 12 வீதம் கட்ட வேண்டும், அதில் 8.33 வீதம் உங்கள் பென்ஷனுக்குப் போகும். இ.எஸ்.ஐ.க்கு அவர்கள் பங்கு மூன்றேகால் வீதம்.

சூழ்ச்சி இங்கேதான் நுழைகிறது. அதே 12,480 ரூபாயை இரண்டாகப் பிளந்து, அடிப்படைச் சம்பளம் 6,000, மீதி 6,480 'இதர அலவன்ஸ்' என்று எழுதினால் பி.எப். பிடித்தம் 720 ரூபாயாகச் சுருங்கும். கையில் 778 ரூபாய் கூட வந்தது என்று நாமும் மகிழ்கிறோம். ஆனால் நிர்வாகம் கட்ட வேண்டிய 778 ரூபாய் அவர்கள் பையிலேயே தங்கிவிட்டது! எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் அலவன்ஸையும் பி.எப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. அதைச் சம்பளப் பட்டியலில் ஏற்றும் இடத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு குமாஸ்தா.

இதைச் சொல்ல நமக்கு ஒரு தகுதி உண்டு. பெருமைப்படும் தகுதி அல்ல. மெட்ரிகுலேஷன் முடித்து, இருபது வயதில், ஒரு மில்லின் டைம் ஆபீசில் வேலை பார்த்தோம். நாங்கள் இரண்டு குமாஸ்தாக்கள். ஒரு சமயம் எட்டு மாதம், தொழிலாளரிடம் பிடித்த பி.எப். பணம் கட்டப்படவேயில்லை. பிடித்த பட்டியலை எழுதியது எங்கள் கை. கட்டிய சலான் வரவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். பிறகு ரீலிங்கில் இருந்து நின்ற ஒரு அம்மாள் பணம் கேட்டு வந்து, வெளித் திண்ணையில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். "தம்பி, நீதான கண்ணு எழுதுன, பாத்துச் சொல்லு" என்றார். பிடித்துவிட்டுக் கட்டாமலிருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று அன்று நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்போமா என்பது வேறு கேள்வி. தனி ஆளாகச் சொல்லியிருக்க மாட்டோம்.

இனி, அந்த வேலையில் முன்னேற்றம் உண்டா என்று பார்ப்போம். ஐந்து பேர் பேரேடு பார்த்த இடத்தில் இன்று ஒருவர் கம்ப்யூட்டரோடு இருக்கிறார். வருகையை விரல் ரேகை இயந்திரம் பதிகிறது. பெரிய கம்பெனிகள் சம்பளக் கணக்கையே வெளியாருக்கு ஒப்பந்தம் கொடுத்துவிடுகின்றன. கூட்டிக் கழிக்க மட்டும் தெரிந்தவருக்கு இனி இடம் குறைவு. சட்டம் தெரிந்தவருக்கு இடம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் ஊதியத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தர வேண்டும், மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம், எல்லோருக்கும் சம்பளச் சீட்டு என்கிறது அது. இவற்றைக் கரைத்துக் குடித்த பெண் பத்து ஆண்டில் நிர்வாகப் பிரிவில் மேலே வரலாம். தொழிலாளர் சட்ட ஆலோசகராகத் தனியே தொழிலும் நடத்தலாம்.

ஒரு பொறியும் இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டில் 'ஆபீசர்' என்றோ 'எக்ஸிகியூட்டிவ்' என்றோ பட்டம் கொடுப்பார்கள். சம்பளம் கொஞ்சம்தான் ஏறும், "நீ தொழிலாளி இல்லை, சங்கம் உனக்கு எதற்கு?" என்ற பேச்சு ஏராளமாக வரும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் குமாஸ்தாவையும் தொழிலாளி என்றே சொன்னது. இப்போதைய தொகுப்பும் அப்படியே சொல்கிறது. பட்டம் எதுவாயினும், செய்யும் வேலை என்ன என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணிவரை மற்றவர் ஓவர்டைமைக் கணக்குப் போடும் குமாஸ்தாவுக்குத் தன் ஓவர்டைம் கிடையாது என்பதை இத்தனை ஆண்டில் எத்தனையோ பேர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே, தோழரே, பெண்ணை அனுப்புங்கள். நம் வீட்டுப் பெண் அந்த நாற்காலியில் உட்காருவதில் நமக்கு நட்டமில்லை. ஆனால் வேலையில் சேருமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சங்க அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். நீங்களும் உங்கள் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும், செல்போனில் பி.எப். பாஸ்புக்கையும் கொண்டு வாருங்கள். முதல் கணக்கை அவளே பார்க்கட்டும், அப்பனுடைய கணக்கை. எட்டு மாதம் எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் அன்றே தெரிந்துவிடும். மனு எழுதக் காகிதமும் பேனாவும் நாம் வைத்திருக்கிறோம்.