நரம்பு நோவும் நம் நோன்பும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் முன்னோர் அறநூலுக்குப் பெயரிட்டபோதும் மருந்தை மறந்தாரில்லை. காரியாசான் ஐந்து வேர்களின் பெயரால் சிறுபஞ்சமூலம் தந்தார். கணிமேதாவியார் ஏலம் முதலான ஆறு சரக்குகளின் பெயரால் ஏலாதி தந்தார். நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. அம்மரபை எண்ணியே இன்று ஓர் உடற்பிணியைப் பற்றிப் பேச முற்படுகிறேன்.

என் தமக்கையார்க்கு அகவை எழுபத்திரண்டு. உள்ளங்கால் எரிகிறது என்றார். ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்றார். முதுமையின் குறை என்று கூறி எண்ணெய் தடவினோம். பின்னர் நானே மருந்துக்கடையில் கேட்டு நரம்புக்கான வைட்டமின் கேப்சூல் வாங்கிக் கொடுத்தேன். ஈராண்டு கழித்து, இருட்டில் கால் தடுமாறி அவர் விழுந்த பிறகே மருத்துவரை நாடினோம். குருதியில் பி12 மிகக் குறைந்திருந்தது. “கொடுத்த மருந்தை உண்ணவில்லையா?” என்று அவர் வினவ, தமக்கையார் தலைகுனிந்தார். கேப்சூலின் உறை விலங்கின் எலும்பினின்றும் தோலினின்றும் எடுக்கும் ஜெலட்டின் என எவரோ கூறினராம். நோன்பும் கெடலாகாது, தம்பியின் மனமும் நோகலாகாது என்று, ஒருவரும் அறியாமல் ஒதுக்கிவிட்டார். நான் ஒரு சொல் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

நரம்பிழையைச் சூழ்ந்த காப்புறை சிதையாதிருக்க பி12 வேண்டும். அது கீரையிலும் பருப்பிலும் இல்லை. நமக்குப் பாலும் தயிருமே வழி. நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய 2 மைக்ரோகிராம் தேவை. ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் உண்டு. முதுமையில் உணவிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் இரைப்பைக்குக் குறைகிறது. நீரிழிவுக்கு உண்ணும் மெட்ஃபார்மினும், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் நெடுங்காலம் தொடரின் பி12 அளவு மேலும் தாழக்கூடும்.

மூன்று செய்திகளை நினைவிற் கொள்க. முதலாவது, நரம்பு நோவு அனைத்தும் வைட்டமின் குறைவால் வருவதன்று. நீரிழிவும் தைராய்டுக் குறைபாடும் காரணமாகலாம். ஆகவே ஆய்வு முன்னே, மாத்திரை பின்னே. இரண்டாவது, அளவு மிஞ்சிய பி6 நெடுநாள் உட்கொண்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலம் மட்டும் உண்டால் சோகை நீங்கியதுபோல் தோன்றும். நரம்புக்கேடு உள்ளே வளரும். மூன்றாவது, மருந்தாகும் பி12 விலங்குடலினின்று எடுக்கப்படுவதன்று. நுண்ணுயிர் வளர்ப்பின்வழி ஆக்கப்படுவது. உறையில்லா மாத்திரையும் ஊசியும் உண்டு. தாவர உறையிட்ட கேப்சூலும் கிடைக்கிறது. எது தம் விரதத்திற்கு இயைவது என்பதை அவரவர் முடிவு செய்யலாம். மருத்துவரிடம் மறைத்தல் மட்டும் வேண்டா.

ஊசி மருந்தால் தமக்கையாரின் எரிச்சல் தணிந்தது. கால்விரல்களின் மரத்த தன்மை இன்னும் நீங்கவில்லை. காலந்தாழ்த்தியதற்கு நாங்கள் தந்த விலை அது.

இன்று இல்லம் திரும்பியதும், நும் வீட்டு முதியோரிடம் கால் எரிகிறதா என்று கேளுங்கள். மருந்தை ஏன் உண்ணவில்லை என்று கடியாது கேளுங்கள். நோன்பையும் காப்போம், நோற்பாரையும் காப்போம்.