எல்லை இரண்டு, உழைப்போர் ஒன்று

(பள்ளிப்பட்டில் ஆற்றிய உரை)



1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் பள்ளிப்பட்டும் அங்கே போயின. தமிழர் கிளர்ச்சி செய்தனர், ம.பொ.சி. முன்னின்றார். கிராமத்தை அலகாகவும், பெரும்பான்மையோர் மொழியை அளவுகோலாகவும் வைத்து எல்லை வகுத்தார் படாஸ்கர். 1960 ஏப்ரல் 1-ல் இப்பகுதி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகா கிராமங்கள் சில ஆந்திரம் சென்றன.

பெரும்பான்மை என்றால் சிறுபான்மையும் உண்டு. எல்லைக்கு இருபுறமும் இரு மொழியினரும் வாழ்கிறார்கள். இங்கே தெலுங்குப் பிள்ளைக்கு வாத்தியார் இல்லையென்றால், அங்கே தமிழ்ப் பிள்ளைக்கு எந்த முகத்தோடு கேட்போம்? ஆரம்பப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவே கூறுகிறது.

தமிழ்த் தொழிலாளி கூலி உயர்வு கேட்டால் தெலுங்குத் தொழிலாளியைக் காட்டுவது, கும்மிடிப்பூண்டியில் இருவரும் சேர்ந்து கேட்டால் ஒரியா, பீகார் தொழிலாளியைக் காட்டுவது—இது முதலாளியின் பழைய தந்திரம். பொதட்டூர்பேட்டை விசைத்தறியிலும் கரும்புக் காட்டிலும் இதற்கு இடம் கொடாதீர்கள்!

சங்க நோட்டீசை எல்லோருடைய மொழியிலும் அச்சிடுங்கள். கூட்டத்தில் அவரவர் மொழியில் பேசட்டும். ஒரே வேலைக்கு ஒரே கூலி கேளுங்கள். தெலுங்கு வாத்தியாருக்காகத் தமிழ்த் தொழிலாளியும் மனுவில் கையெழுத்திடும் ஊரில் மொழிக் கலவரம் தலைகாட்டாது!