கழுவெளியும் கரைமக்கள் உரிமையும்



நம் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்து, கழுவெளி என்னும் பெருநீர்ப்பரப்பு கிடக்கின்றது. மழைக்காலத்தே சுற்றுப்புற ஏரிகளின் மிகைநீர் அதில் வந்து நிறையும். எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே வங்கக் கடலைச் சேரும். கோடையில் கடலின் உவர்நீர் உள்ளே ஏறும். இவ்வாறு இருநீரும் கலப்பதனாலன்றோ கடலிற் பிறந்த இறாற்குஞ்சு கழியில் வளர்கின்றது!

அந்நீரை நம்பி வாழ்வோர் யாவர்? வலையும் தோணியும் உடையாரும் உளர். அவை ஏதுமின்றி, நீரிலிறங்கிச் சேற்றைக் கையால் துழாவி, இறாலும் நண்டும் பிடித்துப் பறியில் இடும் இருளர் குடியினரும் உளர். அன்றாடம் பிடித்து அன்றாடம் விற்கும் வாழ்வு அது. பனிக்கட்டியிட்டுக் காக்கும் வாய்ப்பில்லாதவன், வணிகன் சொன்ன விலைக்கே தந்தாக வேண்டும். முன்பணம் வாங்கியவனோ விலை கேட்கவும் வாய்திறவான். நிலமில்லா அவ்வேழைக்கு நீரே நிலம்.

நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டைப் பாடுவது சிறுபாணாற்றுப்படை. அது கூறும் எயிற்பட்டினம் மரக்காணப் பகுதியே என்றும், கிடங்கில் இத்திண்டிவனத்தை ஒட்டியதே என்றும் அறிஞர் கொள்வர். அப்பட்டினத்து நெய்தல் மக்கள் வழிவந்த பாணர்க்குச் சுட்ட மீன் தந்து விருந்தோம்பினர். விருந்தளித்த நிலத்தின் உழைப்பாளி இன்று தன் உணவுக்கே ஒப்புதல் கேட்டு நிற்பது நமக்கு நாணன்றோ?

2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு கழுவெளியில் 5,000 எக்டருக்கு மேற்பட்ட பரப்பைப் பறவைக் காப்பிடமாக அறிவித்தது. அதனை நாம் வரவேற்கின்றோம். நீர் காக்கப்படின் மீனும் காக்கப்படும். ஆனால், எல்லைக்கோடு இழுத்தபின், வழிவழியாக அந்நீரில் இறங்கியவன் அத்துமீறியவன் ஆகிவிடலாகாது.

இதற்குச் சட்டத்திலேயே வழியுண்டு. 2006-ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டம் காப்பிடங்களுக்கும் பொருந்தும். நீர்நிலைகளின் மீனையும் பிற விளைவுகளையும் துய்க்கும் பொதுவுரிமையை அது பெயர் சுட்டியே ஏற்கின்றது. 2005 திசம்பர் 13-க்கு முன்பிருந்தே ஆங்கு வாழ்ந்து, அதனை நம்பியுள்ள பழங்குடியினர் ஊர்மன்றத்தின் வழி அவ்வுரிமையைக் கோரலாம். எழுத்தில் வடித்த முதியோர் வாய்மொழியும் சான்றாக ஏற்கப்படும்.

இளையோரே, ஈண்டுதான் உங்கள் பணி உள்ளது! மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கினால் மட்டும் போதாது. ஏடும் எழுதுகோலும் கொண்டு கழுவெளிக் கரைக்குச் செல்லுங்கள். எத்துறையில் இறங்கினர், எக்காலத்தில் எம்மீன் பிடித்தனர், எவ்வோடைக்கு என்ன பெயர் என முதியோரைக் கேட்டு, அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். அச்சொற்கள் நம் மொழியின் செல்வம். அவர்கள் உரிமையின் ஆவணமும் அவையே. எழுதாச் சொல் மறையும். எழுதா உரிமை பறிபோகும்.

வாழ்க தமிழ்! வெல்க உழைப்போர் உரிமை!