படையிலிருந்து திரும்பிய செவிகள்

வேலூரிலிருந்தும் கோவையிலிருந்தும் குடகிலிருந்தும் பயணப்பட்டு வந்திருக்கும் முன்னாள் படைவீரர்களும், அவர்களோடு வந்திருக்கும் குடும்பத்தாரும் இந்த மைசூர்க் கருத்தரங்கில் அமர்ந்திருக்கிறார்கள்.

மைசூருக்குப் படைவீரர் நினைவு புதிதல்ல. 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவைக் கைப்பற்றிய குதிரைப்படையில் ஜோத்பூர் வீரர்களோடு மைசூர் லான்சர்ஸும் இருந்தார்கள். டில்லி தீன்மூர்த்தியில் நிற்கும் மூன்று சிலைகளும் ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர் படைகளின் நினைவாக எழுந்தவை. பக்கத்துக் குடகு, படைத்தலைவர்கள் கரியப்பாவையும் திம்மய்யாவையும் தந்த மண். களத்தில் நடந்ததை நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறோம். திரும்பி வந்தவர் அடுத்த நாற்பது ஆண்டுகளை எப்படிக் கழித்தார், அவருடைய மனைவி மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்பதில்தான் நமக்கு அக்கறை போதாது.

மூட்டுவலி, ரத்தக்கொதிப்பு, குடிப்பழக்கம், மன உளைச்சல் ஆகியவை பற்றி மற்ற அமர்வுகளில் பேசுவார்கள். நான் எடுத்துக்கொள்வது காது ஒன்றைத்தான். அதற்கு இந்த ஊரே காரணம். 1965ல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இங்கே மானசகங்கோத்ரியில் இருக்கிறது. 1969ல் பிறந்த இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அங்கேயே இருக்கிறது. செவியை ஆராய்பவர்களும் மொழியை ஆராய்பவர்களும் இவ்வளவு அருகருகே வேலை செய்வது அபூர்வம்.

ராணுவத் துப்பாக்கி வெடிக்கும்போது சுடுபவரின் காதருகே எழும் ஒலி 140 டெசிபெலைத் தாண்டும். பீரங்கி அதற்கும் மேல். உட்காதின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்சுருதி ஒலிகள். எனவே பேச்சு காதில் விழும், சொல் பிரியாது. ஊர் அடங்கிய பிறகும் காதிரைச்சல் அடங்காது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு பெறும் குறைகளில் காதிரைச்சலும் கேட்புக்குறையும் முன்வரிசையில் நிற்கின்றன.

இதை வீட்டுக்குள்ளிருந்து பார்க்க வேண்டும். திரும்பி வந்த வீரர் உரக்கப் பேசுகிறார். "மிலிட்டரிக்காரர், அப்படித்தான் இருப்பார்" என்று ஊர் சொல்கிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, வீம்பு என்று சம்பந்தி வீட்டார் நினைக்கிறார்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசினால் பிடிபடாததால் வாசலோரம் தனியாக நாற்காலி போட்டு உட்கார்கிறார். பேரப்பிள்ளையின் மழலை அவருக்கு எட்டுவதில்லை. பேங்கில், பாலிகிளினிக்கில், தொலைபேசியில் எல்லாம் மனைவிதான் எடுத்துச் சொல்கிறார், ஒரே செய்தியை இரண்டு மூன்று முறை. கணவர் எல்லையில் இருந்த காலமெல்லாம் வீட்டைத் தனியாகத் தாங்கியவர் அவர். ஓய்வுக்குப் பிறகும் அந்தச் சுமை இறங்கவில்லை. அவருடைய களைப்பை எந்த மருத்துவக் கோப்பும் பதிவு செய்வதில்லை என்பது என் மனத்தை மிகவும் உறுத்துகிறது. வீரரின் கேட்புக்குறையை அளக்கும் ஆய்வாளர் மனைவியின் தூக்கத்தையும் மனநிலையையும் சேர்த்து விசாரிக்காவிட்டால், ஆய்வில் பாதிதான் செய்தவர் ஆவார்.

இன்னொன்று, வயது. பதினைந்து, பதினேழு ஆண்டு சேவை முடித்த சிப்பாய் நாற்பதை எட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார். நடுவயதுக் கேட்புக்குறை பின்னாளில் மறதிநோய்க்கு வழிவிடும் காரணங்களில் ஒன்று, தவிர்க்கக்கூடிய காரணம் என்று லான்செட் ஆய்விதழ் அமைத்த குழு 2017லேயே எடுத்துச் சொன்னது. நம் சிப்பாய் படையை விட்டு வருவது அந்த நடுவயதின் வாசலில்தான். அப்போதே கேள்கருவி கையில் கிடைத்தால் முப்பது ஆண்டு வாழ்க்கை மாறும். எழுபது வயதில் மகன் அழைத்து வரும்வரை காத்திருப்பது பெரிய இழப்பு.

ஆளெடுப்பில் 20 அடி தூரத்தில் நின்று கிசுகிசுத்துச் சோதிக்கும் பழைய முறையைப் பலரும் அறிவீர்கள். தொடக்கநிலை இழப்பு அதில் தப்பிவிடக்கூடும். சேரும்போதும் விலகும்போதும் கருவியால் எடுத்த கேட்பொலி வரைபடம் வேண்டும். அதன் நகல் வீரர் கையில் இருக்க வேண்டும். தரம்வீர் சிங் என்ற படைவீரரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013ல் தந்த தீர்ப்பு, சேரும்போது குறிக்கப்படாத நோயை சேவையால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்றது. படையினருக்கான ஊன ஓய்வூதிய விதிகள் 2023ல் மாற்றி எழுதப்பட்டுவிட்டன. விதி எதுவானாலும், தாள் இல்லாதவர் அலைகிறார்.

சோதனை எந்த மொழியில் நடக்கிறது என்பதிலும் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். பெங்களூரில் தலைமையகம் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படைப்பிரிவின் வீரர்களைப் படை முழுக்கத் 'தம்பி' என்றுதான் அழைக்கிறார்கள். அந்தத் தம்பிகள் பாரக்ஸில் கற்ற இந்தியை ஆணைக்குப் பயன்படுத்தினார்கள். அவர்களில் பலர் வீட்டில் புழங்குவது தமிழ். வேற்றுமொழிச் சொற்பட்டியலைப் படித்துக் காட்டிவிட்டு இவருக்கு இவ்வளவுதான் கேட்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. காது கேட்கவில்லையா, சொல் பழக்கமில்லையா என்று பிரித்தறிய முடியாமல் போகும். வேலூர்த் தமிழிலும் நெல்லைத் தமிழிலும் அன்றாட வாக்கியங்கள் வேண்டும். மின்விசிறி ஓடும் அறையில், குக்கர் விசிலுக்கு நடுவே புரிகிறதா என்று பார்க்க வேண்டும். வீடு அப்படித்தானே இருக்கிறது!

2003 ஏப்ரல் முதல் இசிஎச்எஸ் என்னும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் வீரருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் தருகிறது. கருவியும் அதன்வழி கிடைக்கும். ஆனால் கேள்கருவி ஒரே நாளில் பழகிவிடுவதல்ல. திரும்பத் திரும்ப வந்து அளவைச் சரிசெய்ய வேண்டும். கிராமத்திலிருந்து பாலிகிளினிக் வரும் ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. அலமாரியில் உறங்கும் கருவிகள் எத்தனை, ஏன் உறங்குகின்றன என்பதை இங்குள்ள ஆய்வு மாணவர் யாராவது எடுத்துக்கொண்டால் என்னால் இயன்ற துணை செய்வேன்.

அமைப்பாளர்களிடம் ஒரு மாற்றம் கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். கட்டுரை வாசிப்பு பிற்பகலில் நடக்கும். காலை அமர்வு முழுதும் வந்திருக்கும் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. ஆய்வாளர்கள் குறிப்பேட்டோடு முன்வரிசையில் அமருங்கள். ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டும்படி பின்வரிசை ஐயா ஒருவர் கைகாட்டுகிறார், தயவுசெய்து கூட்டுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.