இடி இடித்தால் என்ன நினைக்கிறோம்?



ஐப்பசியில் இடி இடித்தால் மானாவாரிக் கரிசலில் பருத்தி போட்டவருக்கு மனசு குளிரும், மழை வருதே! அச்சங்குளம் பட்டாசு ஆலை 2021 பிப்ரவரி 12-இல் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்களே, அதில் வீட்டாளைப் பறிகொடுத்தவருக்கு அதே இடி எப்படிக் கேட்கும்? சத்தம் ஒன்றுதான். மனசு எடுத்துக்கொள்ளும் அர்த்தம் வேறே. படபடப்பு அதிலிருந்துதான் வருது.

அவர்களைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி பண்ணாதீங்க. பக்கத்தில் உட்காருங்க. உங்களுக்கே படபடப்பு வந்தால், வீட்டுக்குள் இருந்தபடியே, "இது மேகம், ஆலை இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லி, மூச்சை மெல்ல விடுங்க. மருந்து அறையில் வரும் பயம் வேறே. அது எச்சரிக்கை, அதை அடக்க வேண்டாம், வெளியே வந்துவிடுங்க.

தூக்கம் கெட்டால் 14416-க்குப் போன் போடுங்க. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.